ஒரு பேரெண்ணின் கதை



எண்களைப் பற்றிப் பேசுவதற்கு வானொலி ஏற்ற இடமன்று என்று சிலர் கருதுவர். இங்கே கரும்பலகை இல்லை, வெண்கட்டி இல்லை, விளங்காதவிடத்து மறித்துக் கேட்க மாணவரும் எதிரே இல்லை. ஆயினும், இன்று நான் சொல்லப்போகும் வரலாற்றின் நாயகர், கரும்பலகையையும் வெண்கட்டியையும் மட்டுமே துணையாகக் கொண்டு, ஒரு சொல்லும் பேசாது, அறிஞர் நிறைந்த அவையொன்றில் ஓர் உண்மையை நிலைநாட்டியவர். அவர் பேசாது காட்டியதை நான் காட்டாது பேச முற்படுகின்றேன். தாளும் பென்சிலும் உடைய நேயர்கள் அவற்றைக் கையருகே வைத்துக்கொள்வது நன்று.

சதுரங்கப் பலகையும் தானிய மணியும் பற்றிய பழங்கதையை நம்முள் அறியாதார் சிலரே. முதற் கட்டத்துக்கு ஒரு மணி, இரண்டாவதற்கு இரண்டு, மூன்றாவதற்கு நான்கு, இவ்வாறு கட்டந்தோறும் இரட்டித்து 64 கட்டங்களுக்கும் தானியம் தருக என்று கேட்டான் ஒரு புலவன். அரசன் தன் களஞ்சியத்தைத் துடைத்துக் கொடுத்தும் கடன் தீரவில்லை. அந்த மணிகளின் மொத்தத் தொகை, 64 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி வருவதிலிருந்து ஒன்றைக் கழித்தால் கிடைப்பது. 2 இன் 64 ஆம் வலுவில் ஒன்று குறைந்தது என்று கணித நூலார் இதனைச் சொல்வர். விரித்து எழுதினால் 18,446,744,073,709,551,615 என வரும், இருபது இலக்கங்கள்.

இப்பொழுது அப்பலகையோடு இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்ப்போம். கட்டங்கள் 67 ஆகின்றன. தானியத்தின் தொகை 2 இன் 67 ஆம் வலுவில் ஒன்று குறைந்தது ஆகும். அதன் உருவம் 147,573,952,589,676,412,927. இருபத்தொரு இலக்கங்கள், நம் வழக்கிற் சொன்னால் ஏறத்தாழ 14 இலட்சத்து 75 ஆயிரம் கோடி கோடி. இந்த எண்ணே நம் கதைக்குரிய பேரெண்.

ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் மீதியின்றி வகுபடாத எண்ணை முதன்மை எண் என்கிறோம். பகா எண் என்பாரும் உளர். 2, 3, 5, 7, 11 என்பன அத்தகையன. அவ்வாறன்றி, சிறிய எண்களின் பெருக்கமாக அமைவது சேர்த்தி எண். 15 என்பது 3 ஐ 5 ஆற் பெருக்கியது. 3 உம் 5 உம் அதன் காரணிகள். எந்தச் சேர்த்தி எண்ணையும் முதன்மை எண்களின் பெருக்கமாகப் பிரிக்கலாம். அப்பிரிவு ஒரே வகையிலேயே அமையும். பொருளுக்கு மூலகங்கள் எவ்வாறோ, எண்ணுக்கு முதன்மை எண்கள் அவ்வாறே.

சதுரங்கத் தொகையின் மூலகங்களைக் காண்பது கடினமன்று. 64 என்பது 32 இன் இருமடங்கு. ஆகவே, 2 இன் 32 ஆம் வலுவோடு ஒன்றைக் கூட்டியதையும் அவ்வலுவிலிருந்து ஒன்றைக் கழித்ததையும் பெருக்கினால் நம் தொகை வந்துவிடும். கழித்துப் பெற்ற பகுதியை அதே முறையில் மீண்டும் மீண்டும் பிளக்கலாம். 3, 5, 17, 257, 65537 ஆகிய முதன்மை எண்கள் ஒன்றன்பின் ஒன்றாக உதிர்கின்றன. எஞ்சுவது 4,294,967,297 என்னும் ஒரு பகுதி மாத்திரமே. பதினேழாம் நூற்றாண்டிற் பிரான்சு நாட்டில் வாழ்ந்த பெர்மா என்னும் கணித மேதை இதனை முதன்மை எண் என்றே நம்பினார். 1732 ஆம் ஆண்டில் ஒயிலர், இது 641 ஆல் வகுபடும் என்று அறிவித்தார். ஈவு 6,700,417, அதுவும் முதன்மை எண்ணே.

ஒயிலர் 641 ஐ எவ்வாறு கண்டார்? கண்ணை மூடிக்கொண்டு வகுத்துப் பார்த்தாரல்லர். இவ்வெண்ணுக்குக் காரணி உண்டாயின், அது 64 இன் மடங்கொன்றினும் ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும் என்று பின்னர் அவர் விளக்கினார். அத்தகைய முதன்மை எண்கள் 193, 257, 449, 577, 641 என வரும். ஐந்தாவது முயற்சியிலேயே எண் பிளந்தது. காரணி எங்கே ஒளிந்திருக்கக்கூடும் என்று முன்னரே எல்லை வகுத்துக்கொள்வது எத்துணைப் பயனுடையது என்பதற்கு இஃது ஒரு நற்சான்று.

ஆனால், 67 கட்டத்து எண்ணுக்கு வருவோமாயின், முன்னைய உபாயம் கைகொடாது. 64 பலவாறு பிரியும். 67 ஓ பிரியாத முதன்மை எண். வலுவைக் குறிக்கும் எண் சேர்த்தி எண்ணாயின், தொகையும் கட்டாயமாகச் சேர்த்தி எண்ணாகும். வலு எண் முதன்மையாயின் அவ்வாறு எளிதிற் பிளக்க வழியில்லை. அதனால், அது நிச்சயமாக முதன்மை எண்தான் என்றும் கூறவியலாது. 2 இன் 11 ஆம் வலுவில் ஒன்று குறைந்தது 2047. பதினொன்று முதன்மை எண். 2047 ஓ 23 ஐ 89 ஆற் பெருக்கி வந்த சேர்த்தி எண்.

பாரிஸ் நகரில் மரேன் மெர்சேன் என்னும் துறவியார் ஒருவர் இருந்தார். ஐரோப்பியக் கணித அறிஞர்கள் பலரோடும் கடிதத் தொடர்பு கொண்டிருந்தவர். 1644 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றின் முன்னுரையில், 257 வரையுள்ள வலுக்களுள், ஒன்று குறைத்தால் முதன்மை எண்ணைத் தருவன இவையே என்று ஒரு பட்டியல் கொடுத்தார். 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257 என்பன அப்பட்டியலில் உள்ளவை. பெரிய வலுக்களைப் பற்றி அவர் எவ்வித நிரூபணமும் தரவில்லை. அக்காலத்துக் கருவிகளைக் கொண்டு எவராலும் அவற்றைச் சோதித்திருக்கவும் முடியாது. ஆயினும் மெர்சேனின் பெயருக்கிருந்த மதிப்பினால், 67 அப்பட்டியலில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அசையாது வீற்றிருந்தது.

அதனை அசைத்தவர் எதுவார் லூக்காஸ் என்னும் பிரெஞ்சுக் கணித அறிஞர். 1876 ஆம் ஆண்டில் அவர், நம் பேரெண் முதன்மை எண்ணன்று, சேர்த்தி எண்ணே என்று நிறுவினார். வியப்பு யாதெனில், அதன் காரணி ஒன்றையேனும் அவர் கண்டாரல்லர். காரணியைக் காணாமலே காரணி உண்டு என்று அறுதியிட்டுச் சொல்ல ஒரு முறையை அவர் வகுத்தார். பின்னர் 1930 ஆம் ஆண்டில் அமெரிக்கரான லேமர் அதனைச் செப்பனிட்டார். செப்பனிட்ட அம்முறையைச் சிறிய எண்ணொன்றிற் செய்து பார்ப்போம்.

2 இன் 5 ஆம் வலுவில் ஒன்று குறைந்தது 31. நான்கிலிருந்து தொடங்குங்கள். அதனை வர்க்கித்து இரண்டைக் கழித்தால் 14. பதினான்கை வர்க்கித்து இரண்டைக் கழித்தால் 194. இதனை 31 ஆல் வகுத்தால் மீதி 8. எட்டை வர்க்கித்து இரண்டைக் கழித்தால் 62. இது 31 ஆல் மீதியின்றி வகுபடுகின்றது. வலு ஐந்தாயின் இவ்வாறு மூன்று முறை செய்தல் வேண்டும். அஃதாவது வலுவினும் இரண்டு குறைவான முறை. இறுதியில் மீதி இல்லையாயின் எண் முதன்மை. மீதி இருப்பின் சேர்த்தி. 2047 ஐ இவ்வாறு சோதித்தால் ஒன்பதாம் முறையில் 1736 மீதியாக நிற்கும். ஆகவே அது சேர்த்தி எண். ஆனால் அந்த 1736 ஐ எவ்வளவு நேரம் உற்று நோக்கினும், 23 உம் 89 உம் அதனுள் தென்படமாட்டா. பூட்டிய பெட்டியை அசைத்து, உள்ளே பொருளுண்டு என்று ஓசையால் அறிவதைப் போன்றது இந்தச் சோதனை. உள்ளேயிருப்பது என்ன பொருள் என்பதை அவ்வோசை சொல்லாது.

நம் பேரெண் இந்நிலையிலேயே மேலும் இருபத்தேழு ஆண்டுகள் இருந்தது. உடையும் என்று தெரியும். எங்கே உடையும் என்று தெரியாது.

1903 ஆம் ஆண்டு ஒக்டோபர் 31 ஆந் திகதி, நியூ யோர்க் நகரில் அமெரிக்கக் கணிதச் சங்கத்தின் கூட்டம் நடைபெற்றது. கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பிராங்க் நெல்சன் கோல் என்பவர், பெரிய எண்களைக் காரணிப்படுத்தல் பற்றி ஓர் உரை நிகழ்த்துவார் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. நடந்ததை எரிக் டெம்பிள் பெல் என்னும் கணித வரலாற்றாசிரியர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். அவர் கூற்றுப்படி, கோல் எழுந்து கரும்பலகையை அணுகி, இரண்டை மீண்டும் மீண்டும் பெருக்கி, 67 ஆம் வலுவைக் கண்டு, ஒன்றைக் கழித்து, விடையை எழுதினார். பின்னர் பலகையின் வெற்றிடத்துக்குச் சென்று 193,707,721 என்னும் எண்ணையும் 761,838,257,287 என்னும் எண்ணையும் எழுதி, பள்ளிச் சிறுவர் செய்வதுபோல வரி வரியாகப் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. கோல் வாய் திறவாது தம் இருக்கைக்குத் திரும்பினார். அவை கரவொலி எழுப்பியது. ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை.

அந்தக் காரணிகளைக் காண எவ்வளவு காலம் பிடித்தது என்று பெல் பின்னொரு முறை கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்று கோல் விடை கூறினாராம்.

அந்த உழைப்பின் அளவைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நம் பேரெண்ணின் வர்க்கமூலம் ஏறத்தாழ 1214 கோடி. காரணி உண்டாயின், சிறியது அவ்வெல்லைக்குள் எங்கோ இருத்தல் வேண்டும். அவ்வெல்லை வரையுள்ள ஒற்றை எண்களை மாத்திரம், நிமிடத்துக்கு ஒன்றாக, ஊணும் உறக்கமுமின்றி ஒருவர் வகுத்துக்கொண்டு சென்றாலும், பதினோராயிரம் ஆண்டுகளுக்கு மேலாகும். ஆகவே, ஒயிலரைப் போன்றே எல்லை வகுத்துக்கொள்ளுதல் இன்றியமையாதது. இவ்வெண்ணின் காரணி எதுவாயினும், 67 இன் இருமடங்காகிய 134 இன் மடங்கொன்றினும் ஒன்று கூடியதாகவே இருக்கும். எட்டால் வகுத்தால் ஒன்றோ ஏழோ மீதியாக நிற்கும். இவ்விரு விதிகளும் பெரும்பாலான எண்களைத் தள்ளிவிடும். அப்படித் தள்ளிய பின்னும், கோல் கண்ட காரணியை அடைவதற்கு முன் ஏறத்தாழ எண்பதாயிரம் முதன்மை எண்கள் வரிசையில் நிற்கின்றன. கோல் அவற்றை ஒவ்வொன்றாக வகுக்காமல், வர்க்க எண்களை வகுக்கும்போது எஞ்சும் மீதிகளின் இயல்புகளைக் கொண்டு மேலும் வடித்தார். அவருடைய காரணியிலிருந்து ஒன்றைக் கழித்து 134 ஆல் வகுத்துப் பாருங்கள். 1,445,580 என்று மீதியின்றி வரும்.

இங்கே நேயர்கள் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். காரணியைக் காண மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் சென்றன. ஆனால் அது சரியா என்று பார்க்க, ஒரு தாளும் சற்றுப் பொறுமையும் போதும். அதனினும் விரைவான ஒரு சோதனை நம் முன்னோர் அறிந்தது: ஒன்பதைத் தள்ளுதல். முதற் காரணியின் இலக்கங்களைக் கூட்டினால் 37. மீண்டும் கூட்டினால் 10. மீண்டும் கூட்டினால் 1. இரண்டாவதின் இலக்கங்கள் 64, அதிலிருந்து 10, அதிலிருந்து 1. பேரெண்ணின் இலக்கங்கள் 109, அதிலிருந்து 10, அதிலிருந்து 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. இச்சோதனையில் தவறினால் பெருக்கல் நிச்சயமாகப் பிழை. தேறினால் முற்றாக நிரூபணமாகாது. எனினும் மனத்துக்கு ஆறுதல் தரும்.

மெர்சேனின் சொல் அவர் பெயரின் வலிமையால் நின்றது. கோலின் பெருக்கலுக்கு அவர் பெயர் தேவைப்படவில்லை. அவரை நம்பாத ஒருவரும் அதனைத் தாமே பெருக்கி ஒப்புக்கொண்டாக வேண்டும். மெர்சேனின் பட்டியல் முழுவதும் சரிபார்த்து முடிந்தது 1947 ஆம் ஆண்டளவிலேதான். 67 உம் 257 உம் தவறாகச் சேர்ந்தவை. 61, 89, 107 ஆகிய மூன்றும் தவறாக விடுபட்டவை. ஒரு பெயர் மூடி வைத்திருந்ததைத் திறக்க முந்நூறு ஆண்டுகள் சென்றன.

இவையெல்லாம் ஓய்வு நேர விளையாட்டல்லவா, இதனால் உலகுக்கு என்ன பயன் என்று கேட்கலாம். நெடுங்காலம் அவ்விதமே எண்ணப்பட்டது. லேமர் 1927 ஆம் ஆண்டளவில் துவிச்சக்கரவண்டிச் சங்கிலிகளைக் கோத்து, எண்களை வடிக்கும் இயந்திரமொன்றை அமைத்தார். அவருக்கும் உண்மையை அறியும் வேட்கையன்றிப் பிற நோக்கம் இருந்ததாகத் தெரியவில்லை. 1977 ஆம் ஆண்டில் இந்நிலை மாறியது. மாசசூசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த ரிவெஸ்ட், ஷமீர், ஏடில்மன் ஆகிய மூவரும், பெருக்குதல் எளிது, பிரித்தல் அரிது என்னும் இவ்வியல்பைக் கொண்டே ஒரு பூட்டு அமைத்தனர்.

சிறிய அளவில் அதனை விளக்குவேன். மூன்றையும் பதினொன்றையும் இரகசியமாக வைத்துக்கொண்டு, 33 ஐ ஊரறிய அறிவிக்கிறேன். எனக்குச் செய்தி அனுப்புவோர், தம் எண்ணை மூன்றாம் வலுவுக்கு உயர்த்தி, 33 ஆல் வகுத்த மீதியை அனுப்பலாம் என்றும் அறிவிக்கிறேன். ஒருவர் 4 என்னும் எண்ணை அனுப்ப விரும்புகிறார். நான்கின் மூன்றாம் வலு 64, மீதி 31. அந்த 31 வழியிற் பிறர் கண்ணிற் படலாம், பாதகமில்லை. நான் 31 ஐ ஏழாம் வலுவுக்கு உயர்த்தி 33 ஆல் வகுத்தால், மீண்டும் 4 கிடைக்கின்றது. ஏழு என்னும் அந்தத் திறவுகோலை, 33 இன் காரணிகளை அறிந்தவரே கணித்தெடுக்க முடியும். 33 ஐப் பிரிக்கக் குழந்தைக்கும் இயலும். அதன் இடத்தில் அறுநூறு இலக்கங்கொண்ட சேர்த்தி எண் நின்றால் யாரால் இயலும்? கணினி வழியே வங்கியோடு தொடர்பு கொள்வோரின் இரகசியங்களுக்கு இத்தகைய எண்கள் பல்லாண்டுகளாகக் காவல் நின்றுள்ளன.

அவ்வாண்டிலேயே அம்மூவரின் 129 இலக்க எண்ணொன்று, பிரிப்பவர்க்கு நூறு டொலர் பரிசு என்ற அறிவிப்போடு ஒரு சஞ்சிகையில் வெளியாயிற்று. அக்கால முறைகளால் அதனைப் பிரிக்க ஏறத்தாழ 400 கோடி கோடி ஆண்டுகள் ஆகும் என்றும் மதிப்பிடப்பட்டது. பதினேழு ஆண்டுகள் சென்றன. 1994 ஏப்பிரலில், பல நாடுகளைச் சேர்ந்த சுமார் அறுநூறு தொண்டர்கள் தம் கணினிகளை எட்டு மாதம் இயக்கி, அவ்வெண்ணை 64 இலக்கமும் 65 இலக்கமும் உடைய இரு முதன்மை எண்களாகப் பிளந்தனர். இடையே புதிய முறைகள் பிறந்தன, இயந்திரங்களும் பெருகின. 2020 பெப்ரவரியில் 250 இலக்கச் சேர்த்தி எண்ணொன்றும் இவ்வாறு பிளந்தது.

இவ்விடத்தே நாம் நின்று சிந்திக்க வேண்டிய செய்தி ஒன்றுண்டு. ஓர் எண் முதன்மையா, சேர்த்தியா என்று விரைவில் அறிய உறுதியான வழி உண்டு என்பதை 2002 ஆம் ஆண்டில் கான்பூரைச் சேர்ந்த அகர்வால், கயால், சக்சேனா ஆகிய மூவரும் நிரூபித்தனர். ஆனால், சேர்த்தி எண்ணைப் பிரிப்பது உண்மையிலேயே கடினமான செயல்தான் என்று இதுவரை எவரும் நிரூபித்தாரல்லர். பலர் முயன்றும் எளிய வழி கிட்டவில்லை என்பதே நம் கையிலுள்ள சான்று. 1994 ஆம் ஆண்டிலே பீட்டர் ஷோர் என்பவர், குவாண்டம் கணினி என்னும் புதுவகை இயந்திரம் போதிய ஆற்றலோடு அமையுமாயின், இத்தகைய எண்களை விரைவிற் பிரிக்கலாம் என்று காட்டினார். அதனாலேயே, காரணிகளைச் சாராத வேறு பூட்டுகளுக்கு 2024 ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு நியமங்கள் வெளியாயின.

ஆகவே, மெர்சேனின் பெயரை நம்பியிருந்த அக்காலத்தாரை நாம் எள்ளி நகைக்க நியாயமில்லை. நிரூபிக்கப்படாத ஒன்றை நம்பி நம் இரகசியங்களையும் செல்வத்தையும் நாமும் பூட்டி வைத்திருக்கிறோம். வேறுபாடு ஒன்றே. நாம் நம்புவது நிரூபிக்கப்படாதது என்பதை நாம் அறிவோம். அறிந்து, அதனை இடையறாது சோதிக்கிறோம். அந்த அறிதலும் அந்தச் சோதனையுமே அறிவியலின் ஒழுக்கம்.

சோதிக்க விரும்புவோர்க்கு எண்களின் உலகில் வேலை தீர்ந்துவிடவில்லை. பேரெண்ணின் உறவினருள் ஒன்றான, 2 இன் 1277 ஆம் வலுவில் ஒன்று குறைந்த எண், 385 இலக்கங்களை உடையது. லூக்காஸின் சோதனை அதனைச் சேர்த்தி எண் என்று ஐயமறக் கூறுகின்றது. உலகின் கணினிகள் பலவும் முயன்றும், 2024 ஆம் ஆண்டு முடியும் வரை, அதன் காரணி ஒன்றையேனும் எவரும் கண்டிலர். உடையும் என்று தெரியும். எங்கே உடையும் என்று தெரியாது.

அதன் காரணியும் என்றோ ஒருநாள் வெளிப்படலாம். வெளிப்படும் அந்நாளில், அதனைக் கண்டவர் எவரென்றோ, எந்நாட்டவரென்றோ நாம் கேட்க வேண்டியதில்லை. பெருக்கிப் பார்த்தாற் போதும்.